ஒரு நாள் தண்ணீர் இல்லை

அலமாரியை நகர்த்தியபோதுதான் சுவரைப் பார்த்தேன். குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்து, பெயிண்ட் பொரிந்து, மரத்தரை உப்பிக் கிடந்தது. வீட்டுக் காப்பீடுதான் இருக்கிறதே என்று அன்று நிம்மதியாகவே தூங்கினேன்.

நட்டத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். அதிகம் பேசாதவர். காரையை நகத்தால் அழுத்தினார், மாவாக உதிர்ந்தது. கறையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள். "இது ஒரு நாள் தண்ணீர் இல்லைங்க. நனைந்து நனைந்து காய்ந்திருக்கு" என்றார். கிளெய்ம் அதோடு முடிந்தது. குழாய் திடீரென்று வெடித்தால் பணம் உண்டு. நாள்பட்ட கசிவு பராமரிப்புக் குறை, அதற்குக் கிடையாது. ஏமாற்றுகிறார்கள் என்று கொதித்தேன். பாலிசியைத் திறந்தால் அந்த வரி அப்படியே இருந்தது.

அன்று இரவுதான் அதை முழுசாகப் படித்தேன். முதல் பக்கங்கள் எல்லாம் தருகிறோம், தருகிறோம் என்றே போகும். விஷயம் 'விலக்குகள்', 'வரையறைகள்' என்ற இரண்டு பகுதிகளில் இருக்கிறது. வரையறைகளைத்தான் நாம் புரட்டிவிட்டுப் போய்விடுவோம். எனக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர். அவர்களுக்கோ வெளியிலிருந்து ஏறிவரும் வெள்ளம் வேறு, கூரை ஒழுகல் வேறு, சாக்கடை எதிர்த்து வருவது வேறு. கடைசியானது கூடுதல் பிரீமியம் கட்டினால்தான். தொடர்ந்து 30 நாள் வீடு பூட்டிக் கிடந்தால் திருட்டுக்கும் பணம் இல்லையாம்.

என்னை உட்கார வைத்தது காப்புத் தொகைதான், அதாவது வீட்டை எவ்வளவுக்குக் காப்பீடு செய்திருக்கிறோம் என்பது. வீட்டைத் திரும்பக் கட்ட 100 ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதோ 60க்கு எடுத்ததை அப்படியே புதுப்பித்து வந்திருந்தேன். சமையலறை மட்டும் எரிந்து 20 நட்டமானால்? 60க்குள்தானே இருக்கிறது, 20ம் வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். வராது. என் பாலிசிப்படி, 100க்கு 60தான் காப்பு என்பதால் நட்டத்திலும் அதே விகிதம், 12தான். குறைத்துக் காப்பீடு செய்த நான் மீதி நட்டத்தை நானே சுமக்க வேண்டும். அந்த 100ஐக் கணக்கிடும்போதும் விற்பனை விலையைப் பார்க்கக் கூடாது. மனையின் மதிப்பு அதில் சேராது. இடிபாடு அகற்றும் செலவும் பொறியாளர் கட்டணமும் சேருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்து கேள்விகளை எழுதி ஏஜெண்டைக் கூப்பிட்டேன். "எல்லாமே கவர் ஆகும் சார்" என்றார். சரி, அதையே மெயிலில் எழுதி அனுப்புங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நாலு நாள் கழித்து நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது: மூன்றுக்கு ஆம், இரண்டுக்கு இல்லை.

சுவரைச் சொந்தக் காசில்தான் பூசினேன். தொகையை உயர்த்தி, சாக்கடைக்கான கூடுதல் காப்பும் சேர்த்து, திருத்திய பாலிசி போன வாரம் வந்தது. இந்த முறை வரி வரியாகப் படித்தேன். கதவு எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். திருப்பி அனுப்பியிருக்கிறேன்.