இரண்டு குழாய்களும் ஒரு பொட்டலம் மஞ்சளும்

தேனி, மதுரைப் பக்கமிருந்து மூணாறுக்கு ஏறிவரும் வண்டிகளில் ஹீட்டர் குமிழை ஒரு முறைகூடத் தொட்டிராத ஓட்டுநர்கள் பலர் உண்டு. கீழே அதற்கு வேலையே இல்லை. மேலே, சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், மார்கழி பிறந்துவிட்டால் நிலைமை வேறு. செண்டுவரை போன்ற எஸ்டேட்டுகளில் சில விடியற்காலைகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிப் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்த வண்டிக்குள் விடும் மூச்செல்லாம் முன்கண்ணாடியில் ஆவியாகப் படியும்போது, அதை விலக்குவதற்கு ஹீட்டரின் வெப்பக்காற்றைவிட நல்ல வழி கிடையாது. துணியால் துடைத்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்; பார்க்கும்போதே வயிற்றைக் கலக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலையில் என் பட்டறைக்கு வந்த வண்டியும் அந்தக் குறையோடுதான் வந்தது. 2004இல் பதிவான டீசல் வண்டி. எஸ்டேட் ஆட்களையும், சீசனில் டாப் ஸ்டேஷனுக்குச் சூரியோதயம் பார்க்கப் போகிறவர்களையும் ஏற்றி ஓடுவது. அதன் ஓட்டுநர் என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் அழைப்பேன். "மேஸ்திரி, ஃபேன் நல்லாச் சுத்துது, காத்துதான் பச்சத் தண்ணியா வருது" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதிச் சோதனை முடிந்துவிட்டது. காற்று வராவிட்டால் ஃபியூஸ், காற்றை ஊதும் புளோயர் மோட்டார் என்று ஒரு பக்கமாகப் போக வேண்டும். கடைசி வேகத்தில் மட்டும் வந்தால், ஃபேனின் வேகத்தைக் குறைத்துக்கொடுக்கும் ரெசிஸ்டர். காற்று வந்தும் சூடு வரவில்லை என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரின் பக்கம் வர வேண்டும்.

எஞ்சினில் சூடேறிவரும் தண்ணீரின் ஒரு பகுதி இரண்டு ரப்பர் குழாய்கள் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோருக்குப் போய்த் திரும்புகிறது. கோர் என்பது பாடப்புத்தகத்தின் அளவில் இருக்கும் குட்டி ரேடியேட்டர். அதன் குறுக்கே புளோயர் ஊதும் காற்று வெப்பமாகி வண்டிக்குள் வருகிறது. ஆகவே எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அந்த இரண்டு குழாய்களையும் கையால் தொட்டுப் பார்ப்பதுதான் முதல் சோதனை. இரண்டும் சுடுகின்றனவென்றால் தண்ணீர் சரியாக ஓடுகிறது, காற்றைத் திருப்பும் கதவோ அதன் கேபிளோ சிக்கியிருக்கிறது. இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் எஞ்சினே சூடாகவில்லை, அல்லது தண்ணீர் குறைந்திருக்கிறது. ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால் ஹீட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு மூடியிருக்கிறது, அல்லது கோர் அடைத்திருக்கிறது. காசில்லாத சோதனை, இரண்டு நிமிட வேலை. என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

அன்று நான் அதைச் செய்யவில்லை. ஓட்டுநர் இறங்கும்போது டேஷ்போர்டில் வெப்பமுள் கால்வாசிகூட ஏறாமல் படுத்திருந்தது என் கண்ணில் பட்டுவிட்டது. பூப்பாறையிலிருந்து அவ்வளவு ஏற்றம் ஏறி வந்த வண்டியின் முள் அப்படிக் கிடந்தால் எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்துவைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எஞ்சின் ஆறியதும் மேல்மூடியைக் கழற்றினேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. முந்தைய கோடையில் வண்டி சூடேறுகிறதென்று கீழே ஒரு பட்டறையில் அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். இது நம் ஊர்களில் பரவலாக உள்ள வைத்தியம். வழியில் நிற்கும் தடுப்பை எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும் என்பது அதன் கணக்கு. நோய் பெரும்பாலும் ரேடியேட்டரிலோ வாட்டர் பம்பிலோ இருக்கும்; அது அப்படியே இருக்க, எஞ்சின் மட்டும் மலையில் எப்போதும் அரைச் சூட்டில் ஓடி டீசலைக் குடிக்கும்.

அடிமாலியிலிருந்து புதிய தெர்மோஸ்டாட் வருவதற்கு மாலையாகிவிட்டது. மாட்டுவதற்குமுன் அதைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்துப் பார்ப்பது என் வழக்கம். உள்ளேயிருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரிந்து தண்டைத் தள்ளுவதைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. இதில் மலைநாட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்க ஏறக்குறைய 95 டிகிரி வேண்டும். மூணாறின் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அந்த 95ஐ ஒட்டியே கொதித்துவிடும், அதற்குமேல் ஏறாது. தொழிலுக்கு வந்த புதிதில், முழுதாகத் திறக்கவில்லை என்று இரண்டு நல்ல தெர்மோஸ்டாட்டுகளைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து அவரோடு சண்டையும் போட்டிருக்கிறேன்.

புதியது மாட்டியதும் முள் அழகாக நடுவில் வந்து நின்றது. குறையைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் வண்டியை அனுப்பிவைத்தேன். மறுநாள் விடியற்காலையில் டாப் ஸ்டேஷன் போய்த் திரும்பிய வண்டி நேராகப் பட்டறை வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் கோபிக்கவில்லை; ஆவி துடைத்து நனைந்த துண்டை என் மேசைமேல் பிழிந்து காட்டினார். கோபித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் பானெட்டைத் தூக்கிக் குழாய்களைத் தொட்டேன். உள்ளே போகும் குழாயில் கை வைக்க முடியவில்லை. திரும்பி வரும் குழாய் ஆற்றுக்கல் போல் சில்லென்றிருந்தது. தெர்மோஸ்டாட் இல்லாததும் உண்மையான குறைதான், ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது. முதலில் கிடைத்த விடை அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் இரண்டாவது கேள்வியையே நான் கேட்கவில்லை.

வால்வின் கேபிளைக் கழற்றிக் கையால் திருப்பிப் பார்த்தேன். தடையில்லாமல் திறந்து மூடியது. கோருக்குள் காற்று அடைத்திருக்கலாம் என்று வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்தி, ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி எஞ்சினை ஓடவிட்டேன். மேட்டுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. சில குமிழிகள் வந்தன, அவ்வளவுதான். இனி மீதமிருந்தது அடைப்பு ஒன்றே. கோரை மாற்ற வேண்டுமானால் டேஷ்போர்டு முழுவதையும் பிரிக்க வேண்டும். பழைய வண்டியில் பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டவுடன் ஒடியும், வேலை முடிந்த பிறகு எங்காவது ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் எதிர்த்திசையில் கழுவிப் பார்ப்பதென்று முடிவுசெய்தேன்.

குழாய்கள் இரண்டையும் கழற்றி, தண்ணீர் திரும்பி வரும் வழியாக வாளித் தண்ணீரை மெதுவாகச் செலுத்தினேன். இதில் அவசரம் கூடாது. வேகமாகப் பாய்ச்சினால் பழைய கோரின் பற்றவைப்பு விட்டுவிடும். பிறகு கால்மிதி நனைவதும் வண்டிக்குள் ஆவி அடிப்பதுமாகப் புதுக் குறை ஒன்று சேர்ந்துகொள்ளும். முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வெந்நீர் ஊற்றி அரைமணி நேரம் ஊறவைத்து மறுபடி செலுத்தினேன். துருநிறத் தண்ணீர் வந்தது. அது எதிர்பார்த்ததுதான், மூன்று ஆறுகள் கூடும் ஊரில் ஓட்டுநர்கள் எஞ்சின் தண்ணீரில் கலக்கும் துருவும் உறைவும் தடுக்கிற கூலன்ட் திரவத்தை வாங்காமல் ஓடைத் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். ஐந்தாவது முறை பசைபோன்ற சிறு கட்டிகள் வாளியில் விழுந்தன. ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் நசுக்கினேன். வெளியே பழுப்பாக இருந்தது உள்ளே வெளிறிய மஞ்சளாக இருந்தது.

எனக்கு உறைக்கவில்லை. தேநீர் வந்ததும் துணி சோப்பைத் தேய்த்துக் கை கழுவப் போனேன். "அண்ணே, கையில ரத்தம்" என்று பையன் கத்தினான். விரல்நுனியில் நுரை செக்கச்செவேலென்று வழிந்தது. காயம் ஒன்றுமில்லை. சுண்ணாம்பு சேர்ந்ததும் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதே சிவப்பு. சோப்பின் காரம் பட்டாலும் மஞ்சள் அப்படித்தான் சிவக்கும்.

அந்த மஞ்சளைப் போட்டவன் நானே. ஐந்து மாதத்துக்கு முன், ஆடி மழையில், தேவிகுளம் தாண்டிக் கேப் ரோட்டில் அதே வண்டி ரேடியேட்டர் ஒழுகி நின்றபோது கூப்பிட்டு அனுப்பினார்கள். பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. போடிச் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு பாட்டி தன் பையிலிருந்து மஞ்சள்தூள் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். என் ஆசான் காலத்திலிருந்து வரும் உபாயம்தான் அது. தூள் தண்ணீரில் ஊறி உப்பி விரிசலில் போய் அடைத்துக்கொள்ளும். பொட்டலம் முழுவதையும் கொட்டினேன், ஒழுகல் நின்றது, வண்டி வீடு போய்ச் சேர்ந்தது. வாரத்துக்குள் ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றவைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியும் இருந்தேன். அவர் வரவில்லை, நானும் மறந்துபோனேன். விரிசலைத் தேடிப் போகும் தூளுக்கு விரிசல் எது, கோரின் நுண்குழாய் எது என்று தெரியாது. ஓட்டம் மெதுவாக இருக்கும் குறுகலான இடத்தில் அது படிந்துவிடும்.

மதியத்துக்குள் எட்டு முறை கழுவிய பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. ரேடியேட்டரைக் கழற்றி அடிமாலிக்கு அனுப்பிப் பற்றவைத்து வாங்கினேன். தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். அந்தக் கலவை ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பதால் செண்டுவரையில் இரவு நிறுத்தும் வண்டிக்கு அது எப்படியும் தேவை. தளர்ந்திருந்த ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன். எஞ்சின் சூடானபின் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் சுட்டன, திரும்பி வருவது மட்டும் ஒரு பிடி குறைவாக.

கூலி வேண்டாம் என்று சொன்னபோது ஓட்டுநர் காரணம் கேட்டார். சொன்னேன். "மஞ்சள்தானே போட்டீங்க, மங்கலம்தான்" என்று சிரித்துவிட்டு, கூலன்டுக்கும் சாமானுக்கும் மட்டும் பணத்தை எண்ணிவைத்தார்.

மஞ்சள் பொட்டலம் ஒன்று இன்னும் என் கருவிப் பெட்டியில் இருக்கிறது. மழையில் நடுரோட்டில் நிற்கிறவரிடம் தத்துவம் பேச முடியாது. ஆனால் அதைக் கொட்டுவதற்குமுன் ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் கோரிலிருந்து கழற்றி, ஒரு சிறு பைப்புத் துண்டால் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறேன். எந்த வண்டிக்குப் போட்டேன், என்றைக்குப் போட்டேன் என்பதையும் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் எழுதிவைக்கிறேன்.