பழைய டூரிங் சைக்கிளும் சமணர் மலைப் பாதையும்

பழைய ஸ்டீல் டூரிங் சைக்கிளை (சுமை கட்டி நெடுந்தூரம் போகும் வகை) விலை பேசுமுன் ஓட்டிப் பார்க்க மதுரையில் தோதான பாதை ஒன்று உண்டு. காளவாசலில் கிளம்பி விராட்டிபத்து, அச்சம்பத்து, நாகமலைப் புதுக்கோட்டை வழியாகச் சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி போய்த் திரும்புவது. நெரிசல், தேனி சாலையின் வேகம், ஊருக்குள் வேகத்தடை, கடைசியில் மலையடிவாரத்து மண்தடம் என எல்லாம் கலந்து கிடக்கும். வண்டியில் இருக்கும் குறை இதில் எங்காவது ஓரிடத்தில் வாயைத் திறந்துவிடும்.

ஏறுவதற்கு முன் அரைமணி நேர வேலை இருக்கிறது. அளவு டேப், வெர்னியர், எல்-கீ செட், டார்ச், நான்கு மீட்டர் நூல் போதும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள மூன்று இலக்க எண்ணை முதலில் படியுங்கள். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் அது, மி.மீ. கணக்கில். 622 என்றால் 700சி. 630 என்றால் பழைய 27 இஞ்ச். இதற்கு நம் பக்கம் டயர் தேடித்தான் வாங்க வேண்டும். நம் கறுப்பு சைக்கிளின் 28 x 1½ டயர் 635. அது 700சி ரிம்மில் உட்காராது. பலர் ஏமாறுவது 26-ல்தான். 26 x 1⅜ என்பது 590, 26 x 1.75 என்பது 559. இரண்டிலும் 26 என்றுதான் போட்டிருக்கும், விட்டத்தில் 31 மி.மீ. வித்தியாசம். 559 டயர் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும் என்பதால், நீண்ட பயணத்துக்கு அந்த ஃபிரேமுக்கே எங்கள் ஓட்டு. 630 வண்டி மனசுக்குப் பிடித்துப்போனால் 622 சக்கரம் மாட்டலாம்: பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும், பிரேக் கையில் அதற்கு இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டினால் டயருக்கு மேலே அதே 4 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும்.

அடுத்தது டயருக்கான இடம். எல்லோரும் குனிந்து ஃபோர்க்கின் உச்சியைத்தான் பார்ப்பார்கள். டயர் உரசுவது பெரும்பாலும் பின்னால், பெடல் அச்சுக்கூட்டிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் இரண்டு கீழ்க்குழாய்களுக்கு நடுவில். 622 ரிம்மின் ஆரம் 311. 38 மி.மீ. அகல டயர் மிகப் பருத்திருக்கும் இடம் அதற்கு மேல் 19. ஆக, ஆக்ஸில் மையத்திலிருந்து 330 மி.மீ. தள்ளி உள்ளகலம் எடுக்க வேண்டும். அங்கே 50 மி.மீ. இருந்தால் 38 டயருக்குப் பக்கத்துக்கு 6. ஆசாரி கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட இரண்டு நூல். காற்று முழுதாக அடித்த பிறகு 6 எம்.எம். எல்-கீ இரண்டு பக்கமும் தடையில்லாமல் நுழைய வேண்டும். மட்கார்டும் வேண்டுமென்றால் அதே ஃபிரேமில் 32-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே, பின் பிரேக் மாட்டும் குறுக்குக்குழாயின் அடிவிளிம்பு ஆக்ஸிலிலிருந்து குறைந்தது 355 மி.மீ.யில் இருக்க வேண்டும். மட்கார்டும் போல்ட்டும் வந்தால் இன்னும் 10 சேரும். ஆக்ஸில் உட்காரும் பள்ளம் அதை முன்னும் பின்னும் நகரவிடும் வகை என்றால் சக்கரத்தை முன்கோடிக்குத் தள்ளி வைத்து அளக்க வேண்டும். குழாய்கள் முன்னே போகப்போக நெருங்கும்.

ஏன் இரண்டு நூல்? 35 என்று அச்சடித்த டயர் அகலமான ரிம்மில் 37 காட்டும். எழுந்து நின்று மிதித்தால் சக்கரம் சற்றுச் சாயும். உசிலம்பட்டி தாண்டி ஒரு ஸ்போக்ஸ் முறிந்தால் ரிம் இரண்டு மூன்று மி.மீ. கோட்டம் வாங்கும், இடம் இருந்தால் பிரேக்கைத் தளர்த்திவிட்டு ஆண்டிப்பட்டி வரை உருட்டிவிடலாம், இல்லாவிட்டால் பஸ்தான். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் மண்ணில் ஐப்பசி மழை பெய்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். இறங்கிக் குச்சியால் நோண்ட வேண்டியதுதான்.

39–49 மி.மீ. ரீச் (மாட்டும் போல்ட்டிலிருந்து பிரேக் கட்டை வரையுள்ள நீளம்) உள்ள சைட்புல் பிரேக் மாட்டிய ஃபிரேமை டூரிங் என்று யாராவது விற்றால், அது ரேஸ் வண்டி, அகல டயருக்கு இடம் இருக்காது.

போல்ட்டைத் தளர்த்தியதும் சீட் போஸ்ட்டும், ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மும் கையோடு அசைகின்றனவா என்று பாருங்கள். ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியம் வருஷக்கணக்கில் கிடந்தால் வெள்ளைப் பொடி பூத்துப் பிடித்துக்கொள்ளும். அசையாத வண்டியில் உயரமே மாற்ற முடியாது, வேண்டாம். போஸ்ட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துத் துருவும் பாருங்கள். நூலை இடது பின்பள்ளத்தில் கட்டி, முன்கழுத்தைச் சுற்றி, வலது பள்ளத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் 2 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் ஃபிரேம் கோணல். கழுத்துக்குப் பின்னால், அங்கிருந்து பெடல் அச்சுக்கூட்டுக்கு இறங்கும் சாய்குழாயின் அடியில் பெயின்ட் சுருக்கம் விழுந்திருந்தால் எங்கோ நேராக மோதிய வண்டி.

உடம்புக்கு அளவு எடுக்க, செருப்பில்லாமல் சுவரோடு நின்று, கால்களுக்கு இடையில் ஒரு தடிப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்துத் தரையிலிருந்து அளக்க வேண்டும். அது 78 செ.மீ. என்றால் 0.883-ஆல் பெருக்கி 68.9: பெடல் அச்சுக்கூட்டின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை. இது தொடக்கம்தான், இறுதித் தீர்ப்பு சாலையில். மேல்பாரின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால் பாருக்கு மேல் 3 செ.மீ.யாவது இடம் வேண்டும். விலை மலிவென்று 165 செ.மீ. ஆள் 58 செ.மீ. ஃபிரேமை வாங்குவது இங்கே அடிக்கடி நடக்கிறது. சீட்டை இறக்கிவிடலாம், மேல்பாரின் நீளத்தை யாராலும் குறைக்க முடியாது. 110 மி.மீ. ஸ்டெம்மை 80 ஆக மாற்றினால் 3 செ.மீ. கிட்டும், அவ்வளவுதான்.

இனி ஏறலாம். பின் கீழ்க்குழாய்களின் உட்புறம் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கேரியரின் இரு பக்கமும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் கட்டுங்கள்.

காளவாசல் நெரிசலில் மெதுவாகத் திரும்பும்போது கால் விரல் முன் டயரிலோ மட்கார்டிலோ இடிக்கிறதா, குதிகால் கேனில் படுகிறதா என்று தெரிந்துவிடும். அச்சம்பத்து தாண்டுவதற்குள் உள்ளங்கை மரத்தால் எட்டிப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட்டு தாழ்வு. பின்புறம் இழுத்தாலோ இடுப்பு ஆடினாலோ உயரம். தேனி சாலையில் வேகம் ஏறும்போது ஹேண்டில் நடுங்கினால் முதலில் சுமையைச் சமமாகக் கட்டிப் பாருங்கள், பிறகும் நடுங்கினால் ஃபிரேமைச் சந்தேகியுங்கள். கீழக்குயில்குடிக்குத் திரும்பியதும் நின்று முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்ல ஆட்டுங்கள். நேர்நிலையில் 'டக்'கென்று உட்கார்ந்தால் கழுத்துக் கப்பில் குழி விழுந்திருக்கிறது. மாற்றக்கூடியதுதான், அந்தத் தொகையை விலையில் குறையுங்கள்.

அய்யனார் கோயிலுக்கு முன்னால் தாமரைக்குளம். செட்டிப்புடவுக் குகையின் சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்தைப் பார்க்கப் போகிறவர்கள் போய் வரட்டும். வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டுப் பின் கீழ்க்குழாய்களின் உட்புறம் எட்டிப் பாருங்கள். டேப் வெறும் புழுதியோடு இருந்தால் திரும்பிப் போய் விலை பேசலாம். கறுப்புக் கோடு விழுந்திருந்தால் ஒரு அளவு சிறிய டயர் மாட்டச் சொல்லி, புதிய டேப்போடு இன்னொரு தடவை ஓட்டுங்கள்.