ராத்திரி யார் இருப்பாங்க? – நாய்களை போர்டிங்கில் விடப்போய்ப் பட்ட பாடு

மணாலிக்கு ஃப்ளைட், ஹோட்டல், கார் எல்லாம் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. வீட்டில் இருக்கிற இரண்டு நாய்களுக்கு ஓர் இடம் பிடிக்கத்தான் நாக்குத் தள்ளிவிட்டது. ஆற அமர எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற வழியாக இல்லை, அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

இத்தனை வருஷம் எங்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. எங்கே போனாலும் அத்தை வீட்டில் இருந்து நாய்களைப் பார்த்துக்கொள்வார். இந்தத் தடவை, "எனக்கும் வயசாகுது, பனியை ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வந்துடறேனே" என்று கேட்டுவிட்டார். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

பிரவுனி ஒன்பது வயது லேப்ரடார். வலிப்பு உண்டு. காலை ஏழு, இரவு ஏழு என்று கார்டினால் மாத்திரை. வேளை தவறக்கூடாது, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வரும். ரோஸி எங்கள் தெருவில் பிறந்த நாட்டு நாய், இன்னும் ஒரு வயது முடியவில்லை. கருத்தடை ஆபரேஷனுக்கு ஜூனில் தேதி வாங்கி வைத்திருந்தோம். மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் எல்லாம் முன்பே முடித்தாயிற்று. உரிமத்துக்கு அப்போது நாங்கள் கட்டியது 50 ரூபாய், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஊருக்குப் போகிறவர்கள் காசு கொடுத்து நாயை விட்டுப் போகிற போர்டிங்குக்குச் சென்னையில் பஞ்சமே இல்லை. ஈசிஆர், ஓஎம்ஆர், போரூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று இருக்கிறது. எங்களிடம் சொன்ன விலை நாய்க்கு நாளொன்றுக்கு 600-இலிருந்து 1,500 வரை. விலைக்கும் கவனிப்புக்கும் சம்பந்தம் இல்லை என்பது நேரில் போனதும் தெரிந்துவிட்டது.

முதலில் போனது ரீல்ஸில் நீச்சல் குளம் காட்டுகிற இடம். குளம் இருந்தது, தண்ணீர் இல்லை. அறைகளுக்கு மேலே தகரக் கூரை. "ஏசி ரூம்தானே?" என்று கேட்டால், ஏசி ராத்திரி மட்டும்தானாம். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரத்துக்குக் கீழே ஒரு லேப்ரடாரை நினைத்துப் பாருங்கள். சுவர் மூலையில் விரல் வைத்துப் பார்த்தேன். வெடிப்புக்குள் உண்ணிகள் சாரை சாரையாக இருந்தன. (போர்டிங் பார்க்கப் போனால் தரையைப் பார்க்காதீர்கள், அதைக் கழுவி வைத்திருப்பார்கள். சுவர் மூலை, கதவு நிலை, கட்டில் அடி, இங்கே பாருங்கள். நாய் உண்ணி முட்டையிடுவது நாய் மேல் அல்ல, இந்த மாதிரி இடுக்குகளில்தான். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும்.)

போர்டில் "24 மணி நேரக் கண்காணிப்பு" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"ராத்திரி யாரு இருப்பாங்க?"

"சிசிடிவி இருக்கு மேடம்."

"சிசிடிவி மாத்திரை குடுக்குமா?"

"பையன் குடுத்துட்டு ஒம்போது மணிக்குக் கிளம்புவான். காலைல ஆறு மணிக்கு வந்துடுவான்."

"நடுவுல வலிப்பு வந்தா?"

அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "அதெல்லாம் பயப்படாதீங்க மேடம், சாவிக்கொத்து இருக்கு, கையில குடுத்துடுவோம்" என்றார். மனுஷனுக்கே அது மூடநம்பிக்கை. நாய் எந்தக் கையில் பிடிக்கும் என்று என் வீட்டுக்காரர் கேட்க வாயெடுத்தார், நான் இவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்த இடத்துக்கு போன் செய்தாலும் முதல் கேள்வி இதுதான்: ராத்திரி யார் இருப்பாங்க, அவங்க எங்கே படுப்பாங்க? பாதிப் பேர் அதிலேயே கழன்றுவிட்டார்கள்.

அப்படிச் சலித்ததில் ஓரிடம் தேறியது. ராத்திரி ஆள் உண்டு, நாய்கள் இருக்கிற கட்டடத்திலேயே படுப்பார், ஜெனரேட்டர் உண்டு. பாதிப் பணம் அட்வான்ஸ் கட்டினோம். பேப்பர் கொடுக்கும்போது ஆரம்பித்தது வினை.

தடுப்பூசிப் புத்தகத்தைப் புரட்டிய ரிசப்ஷன் பெண், ரேபிஸ் பக்கத்தில் மருந்து பாட்டில் ஸ்டிக்கர் இருக்கிறது, டாக்டர் சீல் இல்லை என்றார். ஊசி போட்ட தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. "சீல் இல்லாம எடுக்க மாட்டோம் மேடம்." சரி, அது ஓர் அலைச்சல். கெனல் காஃப் ஊசி எங்கே என்று அடுத்த கேள்வி. நைன்-இன்-ஒன் போட்டிருக்கிறதே என்றேன். அதில் இது சேராதாம். அவர் சொன்னது சரிதான். நைன்-இன்-ஒன்னில் டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ எல்லாம் வரும், கெனல் காஃபைக் கொண்டுவருகிற போர்டிடெல்லா கிருமிக்கானது வராது. பல நாய்கள் ஒரே இடத்தில் அடைந்து கிடக்கும்போது பரவுகிற இருமல் இது. எங்களுக்குச் சொன்ன மருந்தும் ஊசி அல்ல, மூக்கில் விடுகிற சொட்டு. இதை அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லியிருக்கலாம் இல்லையா? கேட்டால், "ஃபார்ம்ல இருக்கு மேடம்."

எங்கள் டாக்டரிடம் அந்த மருந்து ஸ்டாக் இல்லை. கேட்பவர்கள் குறைவு என்பதால் பல கிளினிக்குகளில் வைப்பதில்லை, ஆர்டர் போட்டு ஐஸ் பெட்டியில் வர வேண்டும். வந்தது என்று போன் வந்து இரண்டு நாய்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனால், ஒரு டோஸ்தான் வந்திருக்கிறது. பிரவுனிக்குப் போட்டுவிட்டு ரோஸியைச் சும்மா அழைத்துக்கொண்டு வந்தோம். போட்ட உடனே பாதுகாப்பு வந்துவிடாது, சில நாளாவது ஆகும், அதில் ஒரு பகுதிக்கு மூன்று வாரம் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் போய் நிற்பதில் பிரயோஜனம் இல்லை. ஒரு மாதம் முன்னாலேயே கேட்டு ஆர்டர் போடச் சொல்லுங்கள், எத்தனை நாய் என்பதையும் இரண்டு தடவை சொல்லுங்கள்.

அப்புறம் உண்ணி மாத்திரை. மூன்று மாதம் தாங்குகிற மாத்திரை ஒன்று கொடுத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் ரூல். ரோஸிக்குக் கொடுத்தாயிற்று. பிரவுனிக்குக் கூடாது. அந்த வகை மருந்துகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2018-இல் எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே வலிப்பு இருக்கிற நாய்க்கு வேண்டாம், கழுத்தில் விடுகிற சொட்டு மருந்து போதும் என்பது எங்கள் டாக்டர் முடிவு. ரிசப்ஷனில், "எல்லா நாய்க்கும் ஒரே ரூல்தான் மேடம்" என்றார்கள். டாக்டர் லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதி, இந்தத் தடவை மறக்காமல் சீலும் குத்திக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் வாயைத் திறக்கவில்லை. ஒரு சின்ன ஜெயம்.

இதற்கு நடுவில் மாத்திரை ஸ்டாக் வாங்கப் போனால் மெடிக்கல்காரர், "நாய் டாக்டர் சீட்டுக்கெல்லாம் இதைத் தர முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கடைசியில் கிளினிக் பக்கத்துக் கடையில் வாங்கினேன். அவர்களுக்குப் பழக்கம். சீட்டில் டாக்டரின் பதிவு எண், தேதி, எத்தனை மாத்திரை என்பது மூன்றும் இருக்க வேண்டும். திரும்பி வரும் ஃப்ளைட் தள்ளிப்போனால் என்ன செய்வது என்று ஒரு ஸ்ட்ரிப் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்ட வாரம் ரோஸி ஹீட்டுக்கு வந்துவிட்டாள். முதல் ஹீட். மொசைக் தரையில் அங்கங்கே சொட்டு ரத்தம், வாசல் கேட்டில் தெருவிலுள்ள அத்தனை ஆண் நாய்களும். எப்படியும் மூன்று வாரம் ஓடும், நாங்கள் கிளம்புவது சரியாக நடுவில். போர்டிங்குக்குச் சொன்னேன். "ஹீட்ல இருக்கிற டாக் எடுக்க மாட்டோம். அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது, பாலிசி."

எடுக்க மாட்டேன் என்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆண் நாய்கள் இருக்கிற இடத்தில் அது நியாயம். அட்வான்ஸை விழுங்குவதுதான் நியாயமில்லை. இவர் அந்த ஃபார்மை எடுத்து முன்னும் பின்னும் படித்தார். தொற்று நோய், கடிக்கிற நாய், ஊசி போடாத நாய் என்று மறுப்பதற்கான காரணங்கள் வரிசையாக இருந்தன. ஹீட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஃபார்ம்ல இல்லையே மேடம்" என்று அவர்கள் பாணியிலேயே சொன்னார். ரிசப்ஷன் பெண் ஓனருக்கு போன் போட்டுக் குசுகுசுவென்று பேசிவிட்டு, 500 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பினார். கையெழுத்துப் போடுகிற ஃபார்மை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் கை கொடுத்தது எங்கள் கிளினிக் கம்பவுண்டர். பல வருஷம் கால்நடை ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்த ஓர் அக்கா, அம்பத்தூரில் சொந்த வீட்டில் ஒரு தடவைக்கு ஒரு குடும்பத்து நாய்களை மட்டும் எடுத்துப் பார்த்துக்கொள்கிறார் என்றார். போர்டு கிடையாது, ரீல்ஸ் கிடையாது. ராத்திரி யார் இருப்பாங்க என்று போனில் கேட்டேன். "என் வீட்ல நான்தாம்மா இருப்பேன்" என்று சிரித்தார்.

நாங்கள் அவரைச் சோதிக்கப் போய், அவர் எங்களைச் சோதித்தார். மாத்திரை எதில் வைத்துக் கொடுக்கிறீர்கள் என்றார். இட்லியில் என்றேன். கொடுங்க பார்க்கலாம் என்றார். பிரவுனி இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தரையில் துப்பினான். அக்கா அதை எடுத்துத் துடைத்தார். கோரைப்பல்லுக்குப் பின்னால் கட்டைவிரலைக் கொடுத்து வாயைத் திறந்து, நாக்கின் அடியாழத்தில் மாத்திரையை வைத்து, வாயை மூடிப் பிடித்துத் தொண்டையைத் தடவினார். "மூக்கை நக்கறானா பாருங்க. நக்கினா முழுங்கிட்டான்னு அர்த்தம்." நக்கினான். இவருக்கு அங்கேயே நிம்மதி வந்துவிட்டது.

அவர் கேட்ட இன்னொன்று யாரும் கேட்காதது: அவசரம் என்றால் சிகிச்சைக்கு யார் சம்மதம் சொல்வது, எவ்வளவு வரை செலவு பண்ணலாம்? அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பி எங்கள் டாக்டரிடமும் கொடுக்கச் சொன்னார். நாங்கள் போனில் கிடைக்காவிட்டால் முடிவெடுக்க என் தம்பி நம்பர். ராத்திரி என்றால் நேராக வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி. இதை எழுதி வைக்காமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

எழுதி வைத்தது வீண் போகவில்லை. அடல் சுரங்கம் தாண்டி சிஸு பக்கம் அத்தை பனியை அள்ளி அள்ளி போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். என் போனில் சிக்னல் இல்லை. மணாலி திரும்பினதும் அக்காவிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். அடித்துப் பிடித்துக் கூப்பிட்டேன்.

"பிரவுனிக்கு மத்தியானம் ஃபிட்ஸ் வந்துச்சுமா. ரெண்டு நிமிஷம். இப்ப நல்லா இருக்கான், சாப்பிட்டான். முடிஞ்சப்புறம்தான் உங்களுக்கு அடிச்சேன். நடுவுல உங்ககிட்ட பேசிட்டிருந்தா அவனை யாரு பாக்கறது?"

ரோஸியை உடனே அடுத்த அறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். வலிப்பில் துடிக்கிற நாயைக் கூட இருக்கிற நாயே பாய்ந்து கடிப்பதுண்டு. நாற்காலியை நகர்த்தி, தலைக்குக் கீழே போர்வை வைத்து, வாய்ப் பக்கம் கையைக் கொண்டு போகாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தாலோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கத்தான் வேண்டும். அதற்கு ஆட்டோவையும் சொல்லி வைத்திருந்தாராம். டாக்டருக்கு போன் செய்து, ராத்திரி மாத்திரை அதே அளவு போதும் என்று கேட்டும் வைத்துவிட்டார். அந்தத் தகரக் கூரை இடத்தில் விட்டிருந்தால் சாவிக்கொத்துதான்.

குறை சொல்ல வேண்டுமானால் ஒன்று உண்டு. திரும்பி வந்து எடை போட்டால் பிரவுனி ஒன்றரை கிலோ கூடியிருந்தான். தினமும் தயிர்சாதமாம், அதில் முட்டை வேறு. டாக்டர் எங்களைத் திட்டினார். அக்காவிடம் சொன்னால், "சாப்பிடலேன்னு நான் போன் பண்ணியிருந்தா மலை மேல உக்காந்து என்னம்மா பண்ணியிருப்பீங்க?" என்கிறார்.

தீபாவளிக்கு இப்போதே கேட்டுப் பார்த்தேன். வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிற நாய் ஒன்றை யாரோ முன்பே சொல்லி வைத்துவிட்டார்களாம். பொங்கலுக்கு வேண்டுமானால் பார்க்கலாம் என்றிருக்கிறார்.