நீத்துப்பெட்டி இழைக்கிறேன்: இதுவரை

சின்னப் பெட்டிகளில் கை ஓரளவு பழகிவிட்டதால் நீத்துப்பெட்டியைத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் பிட்டு அவிக்கும் கூம்பு வடிவப் பனையோலைப் பெட்டி அது.

ஓலையைப் பதப்படுத்துவதிலேயே பாதி வேலை போய்விடுகிறது. குருத்தோலையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, சத்தகம் என்னும் சிறு கத்தியால் ஒரே அகலத்தில் வார வேண்டும். அகலம் மயிரிழை மாறினாலும் நாலைந்து வரிசை தாண்டியதும் பெட்டி ஒரு பக்கம் இழுக்கும். காய்ந்த ஓலை மடிப்பில் வெடித்துவிடும் என்பதால், வார்ந்ததை ஈரத்துணியில் சுற்றிவைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

கடினமான இடம் கூம்பின் நுனி. ஓலைகள் எல்லாம் அங்கே கூடி நெருக்குகின்றன. பக்கத்து வீட்டு ஆச்சி விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இறுக்கு பிள்ளை, ஆனால் ஆவி போக வழி விடு" என்றார். மா கீழே கொட்டவும் கூடாது, ஆவி அடைபடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்து, அதை அளவுகோல் இல்லாமல் கைக்குக் கை கொடுத்து வந்திருக்கிறார்கள். கலை என்று நான் சொல்வது இதைத்தான். சாயமேற்றிய ஓலையில் பூ விழ இழைப்பதும் அழகுதான். ஆனாலும் என் மனம் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

முடித்த பெட்டியில், காய்ந்த பனங்கிழங்கின் மாவில் செய்யும் ஒடியல் பிட்டு அவித்தேன். பானை வாயில் கூம்பு சரியாக உட்கார்ந்தது. அடியில் மா ஈரம் கோத்துக் குழையவில்லை. பிட்டு உதிரியாகவே வந்தது. மாவும் பனை தந்தது, பெட்டியும் பனை தந்தது. பெட்டி நைந்துபோனால் அடுப்பில் வைக்கலாம், மண்ணிலும் போடலாம்.

2017 செப்டம்பரில் பொலித்தீன் பைகளுக்கும் உணவு சுற்றும் தாள்களுக்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்) உணவுப் பெட்டிகளுக்கும் இலங்கையில் தடை வந்தது. அந்தத் தடையை மனமார வரவேற்கிறேன். ஆனால் தடை ஒரு பொருளை எடுக்கத்தான் செய்யும். அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க இழைக்கிற கைகள் வேண்டும். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. ஓலைக் கைப்பைகளும் தொப்பிகளும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றோடு கடகம் என்னும் பெரிய ஓலைப் பெட்டியும் சுளகு என்னும் முறமும் அன்றாடச் சந்தைக்குத் திரும்ப வேண்டும் என்பது என் ஆசை. மணிக்கணக்கில் குனிந்திருந்து இழைத்த பெட்டிக்கு பிளாஸ்டிக் கூடையின் விலையைக் கேட்டால், அந்த வேலையை எந்தப் பெண் தன் மகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள்?

மரத்தையும் பார்க்க வேண்டும். போர்க் காலத்தில் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள் ஏராளம். இன்று நடும் வித்து வளர்ந்து காய்க்கவே பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகலாம். ஒரே மரத்தில் அடிக்கடி குருத்து வெட்டினால் மரம் நலியும் என்பதால், மரம் மாற்றி மாற்றியே ஓலை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது கடகம். விளிம்பு பொத்துவதற்குப் பச்சை மட்டையில் நார் உரிக்க வேண்டும். மட்டை வந்துவிட்டது, நாளை ஆச்சியிடம் உரிக்கப் பழகப் போகிறேன்.