மாரி மழையும் மணற்பெட்டியும்: ஐந்து பூனைகளுள்ள வீட்டின் அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியிலுள்ள எங்கள் வீட்டில் ஐந்து பூனைகள் வளர்கின்றன. கோடை முழுவதும் அவை கோடிப்புறத்து மணலைக் கிளறிக் கழித்து மூடிவிடுவதால், குளியலறைக்கு அருகில் வைத்திருந்த ஒரேயொரு மணற்பெட்டியை அதிகம் நாடியதில்லை. வடகீழ்ப் பருவமழை பிடித்து, கார்த்திகையில் வளவெல்லாம் நீர் நின்றபோது, விறாந்தைக் கதிரைகளின் கீழும் அம்மா படுக்கும் பன்பாயிலும் (பன் புல்லில் பின்னிய பாய்) சிறுநீர் காணத் தொடங்கியது. “மழைக்க அதுகள் எங்க போகும் மகள், அதுகளுக்கும் ஒரு இடம் வேணும்தானே” என்றார் அம்மா. அவர் சொன்னது சரியே; ஆயினும் ஐந்து பூனைகளுக்கும் காரணம் ஒன்றாக இருக்கவில்லை.

எது செய்கிறது என்று அறியாமல் எதையும் திருத்த முடியாது. ஆகவே ஒவ்வொன்றையும் முறை வைத்துத் தனியறையில், தனிப் பெட்டியோடு இரவில் விட்டுப் பார்த்தோம். கறுப்புக் கடுவன் அடிக்கடி பெட்டியில் ஏறிக் குந்தி, சில துளிகள் மட்டுமே விட்டு, பின்னர் நீண்ட நேரம் தன்னை நக்கிக்கொண்டிருந்ததைக் கண்டதும் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றோம். கடுவனின் சிறுநீர் வழி மிக ஒடுக்கமானது; அது முற்றாக அடைபட்டால் ஓரிரு நாட்களுக்குள் உயிரே போய்விடும். எங்கள் கடுவனுக்கு அடைப்பு ஏற்பட்டிருக்கவில்லை. சிறுநீர்ப்பை அழற்சியே இருந்தது. முக்கியும் சிறுநீர் வராத பூனையை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்பதை, பூனை வளர்க்கும் எவரிடமும் நான் இப்போது வற்புறுத்திச் சொல்கிறேன்.

இளைய கடுவனின் செய்கை வேறு. அது நின்றபடியே வாலை உயர்த்தி நடுங்கவிட்டுச் சுவரில் பீச்சியது. அது எல்லை குறிப்பதே அன்றிக் கழிப்பதன்று. விதைநீக்கச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களில் அப்பழக்கம் அடங்கியது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது மூவண்ணப் பெட்டைதான். அதற்கு நோய் இல்லை. தனியறையில் பெட்டியை ஒழுங்காகவே பயன்படுத்தியது. ஒரு மாலை கதவருகே அமர்ந்து பார்த்தேன். அது நடைவழியின் தொடக்கம்வரை வந்தது. குளியலறை வாசலில் பெரிய சாம்பல் பூனை கால் நீட்டிப் படுத்திருந்தது. சண்டையுமில்லை, சீறலுமில்லை, சாம்பல் பூனை கண்ணை மட்டும் திருப்பியது. பெட்டை அப்படியே திரும்பி, நேரே பன்பாயின் ஓரத்துக்குப் போய்க் குந்தியது. ஒரே வழியுள்ள மூலையில் பெட்டியை வைத்தால், வழியில் படுக்கும் ஒரு பூனையே மற்றவற்றுக்கு அதை மூடிவிடுகிறது.

பூனைகளின் தொகையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. எங்களுக்கு இடம் போதாமையால் ஐந்து அகன்ற பேசின்களை முன்னறை, படுக்கையறை, பின் விறாந்தை என்று பிரித்து, இரு பக்கமும் விலகிச் செல்லக்கூடியதாக வைத்தோம். ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்திருந்தால் பூனைகளுக்கு அது ஓரிடமாகவே இருந்திருக்கும். ஆலையிலிருந்து எடுத்த உமி மலிவுதான். ஆனால் காலில் குத்துவதாலோ என்னவோ அவை அதைத் தொடவில்லை. அரித்து உலர்த்திய மணலை இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு இட்டு, காலையும் மாலையும் அள்ளியபோது எல்லாமே ஏறின. மாரியில் மணல் காயாது; புரட்டாதி வெயிலிலேயே காயவைத்துப் பைகளில் கட்டிவைப்பது நல்லது.

துப்புரவில் மிகுந்த கவனம் வேண்டும். பூனைச் சிறுநீரிலுள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதாகக் கரையாது. உலர்ந்தபின் மணமற்றதுபோல் தோன்றி, மழைக்கால ஈரக்காற்றில் மீண்டும் நாறும், அந்த மணமே பூனையைத் திரும்ப அழைக்கும். நொதியம் (என்சைம்) சேர்ந்த சலவைத் தூளை இளஞ்சூட்டு நீரில் கரைத்துத் தரையை ஊறவைத்துத் துடைத்தோம். வெளிற்றும் திரவம் (பிளீச்) சிறுநீரோடு சேர்ந்தால் நச்சு வாயு எழும். தண்ணீரில் ஊற்றியதும் பாலாகக் கலங்கும் பீனால் வகைக் கிருமிநாசினியைப் பூனையின் ஈரல் சரிவர முறிக்காது. இரண்டையும் வீட்டில் பூனைகள் நடமாடும் இடத்தில் பாவிக்க வேண்டாம். கள்ளக் காசுத்தாள் பார்க்கும் புறஊதாக் கதிர் டோர்ச்சை இருட்டில் அடித்தபோது, கதிரைக் கால்களில் நாங்கள் காணாத கறைகளும் ஒளிர்ந்தன. பன்பாயை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. பின்னலுக்குள் ஊறியது கழுவப் போகாததால் அதை எறிந்துவிட்டோம்.

தை பிறந்து வளவு காய்ந்தபின் நான்கு பூனைகள் மீண்டும் வெளியே போகத் தொடங்கின. மூவண்ணப் பெட்டை படுக்கையறைப் பெட்டியையே விரும்புவதால், அதை நாங்கள் எடுக்கவில்லை. கறுப்புக் கடுவனுக்குத் தண்ணீர்ச் சட்டிகளை மூன்று இடங்களில் வைத்து, அவித்த மீனை உப்பில்லாமல் அதன் நீரோடு கொடுத்து வருகிறோம்.