கதிர் படாத தட்டிலும் அதே சிகரம்

செல்களின் மீது 4 கிரே (உள்வாங்கப்படும் கதிர்வீச்சு ஆற்றலின் அலகு) அளவு காமாக் கதிர்வீச்சைச் செலுத்தினால், அந்த ஆற்றல் செல்லிலுள்ள நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியசில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உயர்த்தும். ஆயினும் ஒரே தடவையில் உடல் முழுவதும் பட்டால் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு அது. நீர் மூலக்கூறுகள் சிதைந்து உருவாகும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் என்னும் கடும் வினைத்திறன் கொண்ட துகள்களும், டிஎன்ஏ இழைகளில் விழும் முறிவுகளுமே அந்தக் கேட்டுக்குக் காரணம். அதைச் சமாளிக்கச் செல் எதையெல்லாம் செலவழிக்கிறது என்பதையே நாங்கள் மூலக்கூறுகளை அவற்றின் நிறையால் அடையாளம் காட்டும் நிறை நிறமாலைமானியில் தேடுகிறோம். முறிவைச் செப்பனிட உதவும் பார்ப் (PARP) நொதி, செல்லின் ஆற்றல் வினைகளுக்குத் தேவையான என்ஏடி (NAD) மூலக்கூறின் இருப்பைக் குறைக்கிறது; செல்லை ஆக்சிசனேற்றத்திலிருந்து காக்கும் சிறு மூலக்கூறான குளூட்டாதயோன் ஆக்சிசனேற்றமடைந்து இரண்டிரண்டாகப் பிணைகிறது.

இந்தக் குளூட்டாதயோன்தான் என்னை ஏமாற்றியது. நேர்மின் அயனிகளாக அளக்கும்போது தனி மூலக்கூறு, நிறையை மின்னூட்டத்தால் வகுத்த அளவுகோலில் 308.09 என்ற இடத்திலும், பிணைந்த இணை 613.16 என்ற இடத்திலும் சிகரமாகத் தெரியும். என் முதல் சோதனையில் கதிர் பட்ட செல் வளர்ப்புத் தட்டுகளில் இரண்டாவது சிகரம் ஓங்கி நின்றதைக் கண்டு மகிழ்ந்தேன்; மறுநாள் ஒப்பீட்டுத் தட்டுகளைப் பார்த்தபோது, கதிரே படாமல் கதிர்வீச்சு அறைவரை போய்த் திரும்பிய அவற்றிலும் ஏறக்குறைய அதே உயரம் இருந்தது. டிரிப்சின் நொதி கொண்டு செல்களைத் தட்டிலிருந்து பெயர்த்து, மையவிலக்கியில் சுழற்றி, அதன் பிறகே சாறெடுத்த அந்த நிமிடங்களில் காற்றிலிருந்த ஆக்சிசன் தன் வேலையை முடித்திருந்தது. நலமான செல்லில் இணைகள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியே இருப்பதால், தனி மூலக்கூறுகளில் இரண்டு விழுக்காடு என் மேசையில் ஆக்சிசனேற்றமடைந்தாலே அந்த எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும்!

இப்போது வளர்ப்பு ஊடகத்தை உறிஞ்சியெடுத்த கணமே, மைனஸ் 80 டிகிரிக்குக் குளிர்வித்த 80 விழுக்காட்டு மெத்தனாலை என்-எத்தில்மாலிமைடு என்ற வேதிப்பொருளுடன் கலந்து தட்டின் மேலேயே ஊற்றிவிடுகிறேன். சில நொடிகளில் மாறிவிடும், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி (ATP) போன்றவற்றுக்கு அந்தக் குளிர் காவல். இணைகள் பிணையும் இடமான கந்தக முனையை மாலிமைடு மூடிவிடுவதால் குளூட்டாதயோன் 433.14 என்ற இடத்துக்குப் பெயர்ந்து, அங்கேயே நிலைத்திருக்கிறது. கதிர் பட்ட தட்டுக்கும் படாத தட்டுக்கும் இடையில் இப்போது தெரியும் வேறுபாடு முன்பு நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. ஆனால் மூன்று முறை செய்தாலும் மூன்று முறையும் வருகிறது.

இன்னும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. கதிர் பட்ட செல்கள் இரண்டாகப் பிரிந்து பெருகாமல் தேங்கிப் பருத்துவிடுகின்றன. 24 மணி நேரம் கழித்து அளந்த மதிப்பைச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு விடையும், புரத அளவால் வகுத்தால் வேறொரு விடையும் கிடைக்கின்றன. இரண்டையும் அட்டவணையில் அடுத்தடுத்தே எழுதி வைக்கிறேன்.