கிறிஸ்டியான்பேட்டை தாண்டி நாகையாவைத் தேடி

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் யாராவது மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எங்கள் ஆயா கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னாடா, நாகையா மாதிரி உக்காந்துகினு கீற?"

எனக்கு ரொம்ப நாள் வரை பழைய சினிமா நடிகர் நாகையா என்றால் அழுகிற தாத்தா, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை டிவியில் பழைய படம் போட்டால், வெள்ளைத் தாடியோடு ஒருவர் வந்து யாரையாவது ஆசீர்வதிப்பார், அப்புறம் இருமுவார். பெயருக்கு முன்னால் சித்தூர் என்று வேறு இருக்கும். காட்பாடியில் இருந்துகொண்டு, பக்கத்திலேயே ஆந்திராவில் இருக்கிற அந்த ஊருக்கு ஒரு தடவைகூட அவருக்காகப் போனதில்லையே என்று போன மாதம் திடீரென்று தோன்றியது. சரி, கிளம்பிவிட்டேன்.

புறப்பட்டதே கோணல். ஏறிய பஸ் சித்தூர் வரை போகும் என்று நம்பி ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தால், மாநில எல்லையில் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டில் இறக்கிவிட்டு, "இதோட சரி சார்" என்று கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். வெயிலில் அரைமணி நேரம் நின்று, ஆந்திரா பஸ் ஒன்றைப் பிடித்தேன். போர்டில் எழுத்துதான் மாறியது, உள்ளே பாதிப்பேர் பேசியது தமிழ். அதுவும் என் ஆயா பேசுகிற தமிழ்: வாக்கியம் தெலுங்கில் ஆரம்பித்து தமிழில் முடியும், கடைசி எழுத்தை லேசாக இழுத்து விடுவார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1911 வரை வடார்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகரமே சித்தூர்தான். அந்த வருஷம் சித்தூரைத் தனி மாவட்டமாகப் பிரித்த பிறகுதான் கலெக்டர் ஆபீஸ் வேலூருக்கு வந்தது. கோடு போட்டார்கள், பேச்சு அப்படியே இருந்துவிட்டது.

நாகையா பிறந்தது சித்தூரில் இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. 1904-ல் குண்டூர் பக்கம் ரேபல்லேயில் பிறந்தவர். சித்தூர் அவர் வளர்ந்த ஊர், ராமவிலாச சபாவில் நாடகம் போட்ட ஊர். பிறந்த ஊரை விட்டுவிட்டு மேடை ஏறிய ஊர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சினிமாவுக்கு 1938-ல் 'கிருகலட்சுமி' வழியாக வந்தார். அப்புறம் 'பக்த போத்தனா', 'தியாகய்யா', 'யோகி வேமனா' என்று தெலுங்கில் அவர்தான் கதாநாயகன். 1946-ல் வந்த 'தியாகய்யா'வில் தயாரிப்பு, இயக்கம், இசை, நடிப்பு, பாட்டு எல்லாமே அவர்.

ஆனால் நம் பக்கத்தில் அவர் அப்பாவாகவே வந்து சேர்ந்தார். 1941-ல் 'அசோக் குமார்' படத்தில் சக்கரவர்த்தி அசோகர் அவர், மகன் குணாளன் எம்.கே. தியாகராஜ பாகவதர். பாகவதர் பிறந்தது 1910, அதாவது அப்பாவைவிட ஆறு வயதுதான் இளையவர்! இளம் மனைவி கண்ணாம்பா மகன் மேல் ஆசைப்படுகிறாள், நடுவில் ஒன்றும் தெரியாத கிழவனாக நாகையா. பதிமூன்று வருஷம் கழித்து 'எதிர்பாராதது' படத்தில் சிவாஜிக்கு அப்பா, பத்மினிக்குக் கணவர். சிவாஜி காதலித்த பெண்ணே அந்தப் பத்மினி. மறுபடியும் அதே நடுவில் அதே மனுஷன். வேறு யாராவது நடித்திருந்தால் இந்தக் கிழவனுக்கு எதுக்கு இந்த வயசில் கல்யாணம் என்று கொட்டகையில் விசில் பறந்திருக்கும். இவர் மேல் யாருக்கும் கோபம் வராது. அந்தக் குரலில் கள்ளமே கிடையாது. தெலுங்கு வாடை அடிக்கிற அந்தத் தமிழை உச்சரிப்புக் குறை என்று சொல்பவர்கள் உண்டு, எங்கள் ஊர்க்காரன் அப்படிச் சொல்ல மாட்டான்.

எனக்கு மனசைப் பிசைவது 1966-ல் வந்த 'ராமு'. 'கண்ணன் வந்தான்' பாட்டில் ஜெமினியோடு நாகையா நிற்கிறார். ஒருகாலத்தில் தியாகராஜர் கீர்த்தனைகளைத் தானே பாடி நடித்தவர், இங்கே சீர்காழி கோவிந்தராஜன் குரலுக்கு வாயசைக்கிறார். அடுத்த முறை பார்க்கும்போது அவர் கழுத்தைக் கவனியுங்கள், பாடத் தெரிந்தவனின் கழுத்து அது, மூச்சு எடுக்கிற இடம் தப்பவே தப்பாது. அதற்கு முந்தின வருஷம்தான் பத்மஸ்ரீ வாங்கியிருந்தார். கையில் காசு நிற்காத மனுஷன் என்பார்கள். கேட்டவருக்கெல்லாம் கொடுத்து, சொந்தப் படத்திலும் விட்டு, கடைசியில் கிடைத்த சின்ன வேஷத்தையெல்லாம் கட்டினார். 1973 டிசம்பர் 30-ல் போய்விட்டார். சென்னை பனகல் பார்க்கில் சிலை இருக்கிறது, தி.நகருக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சித்தூரில் அவர் பெயரில் நாகையா கலாக்ஷேத்திரம் என்று ஓர் அரங்கம் உண்டு. விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கேட்டில் பூட்டு. எதிர் டீக்கடையில் ஒரு பெரியவர், "ஃபங்ஷன் இருந்தாதான் தொறப்பாங்க நைனா, நீ எந்த ஊரு?" என்றார். காட்பாடி என்றேன். "அப்ப நம்ம ஊருதான்" என்று டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. நாகையா படம் எதுவும் பார்த்திருக்கிறீர்களா என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு 'போத்தனா'விலிருந்து ஒரு பத்யத்தை, அதாவது தெலுங்குச் செய்யுளை, எடுத்தார். இரண்டு வரியில் மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

பூட்டிய கேட்டை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு கிலோ கிளிமூக்கு மாங்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ராத்திரி ஆயாவிடம் போனைக் காட்டினேன். கண்ணருகே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கதவுதான் கீது, ஆளு எங்கடா?" என்றாள். அப்புறம் பையைத் திறந்து மாங்காயை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.